உங்கள் நகராட்சியில் என்ன நடக்கிறது: சிறு நகரவாசிகளுக்கான முழுமையான வழிகாட்டி

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ மாநகராட்சி மன்றம் கூடினால் மறுநாள் நாளிதழ்களில் பக்கம் பக்கமாகச் செய்தி வருகிறது. ஐம்பதாயிரம் அல்லது ஒரு லட்சம் பேர் வாழும் நகராட்சியின் நிலை வேறு. வட்டாரப் பதிப்பின் உள்பக்கத்தில் நான்கு வரி வந்தால் அதிகம். பெரும்பாலும் அந்த நான்கு வரியும் எந்த உறுப்பினர் வெளிநடப்பு செய்தார் என்பதைப் பற்றியதாக இருக்கும். அன்று நிறைவேறிய நாற்பது ஐம்பது தீர்மானங்களில் உங்கள் தெருவைப் பற்றியது எது என்பது அதில் இருக்காது. அந்த இடைவெளியை வாட்ஸ்அப் குழுக்களும் தேநீர்க் கடைப் பேச்சும் நிரப்புகின்றன. ஆனால் நகராட்சியின் ஒவ்வொரு முடிவும் பேச்சாக மாறுவதற்கு முன்பு எண்ணும் தேதியும் இட்ட காகிதமாக எங்கோ இருக்கிறது. அந்தக் காகிதம் எது, அதை எங்கே கேட்பது, எப்படிப் படிப்பது, தெருவாசிகளுக்கு எப்படிப் பிழையின்றிச் சொல்வது என்பதைத் தமிழ்நாட்டு நகராட்சி ஒன்றில் வசிப்பவரை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி விளக்குகிறது. குடியிருப்போர் நலச்சங்கம் நடத்துபவர்களுக்கும் வார்டு வாட்ஸ்அப் குழுவை நிர்வகிப்பவர்களுக்கும் இது கூடுதலாகப் பயன்படும்.

முதல் படி: எது யாருடைய வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நகரத்தில் நடக்கும் எல்லாமே நகராட்சியின் பொறுப்பு என்று கருதுவதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. ஊரின் நடுவே செல்லும் பெரிய சாலை பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். அதில் பள்ளம் விழுந்தால் நகராட்சிப் பொறியாளர் நினைத்தாலும் தார் ஊற்ற முடியாது. அதே சாலையின் குறுக்கே செல்லும் குடிநீர்க் குழாய் நகராட்சியுடையது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் பெறும் நகரங்களில், ஆற்றிலிருந்து ஊர் வரை வரும் பிரதான குழாய் பல இடங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பராமரிப்பில் இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் மேல்நிலைத் தொட்டியும் தெருக் குழாயும்தான் நகராட்சியின் பொறுப்பு. தெருவிளக்கு நகராட்சியுடையது, அதற்கு மின்சாரம் தருவது மின்வாரியம்.

இதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது பயனுள்ளது. "மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை" என்ற செய்தி குழுவில் வரும்போது, நீரேற்று நிலையத்தில் மின்தடையா, வாரியத்தின் குழாய் உடைப்பா, தெரு வால்வில் கோளாறா என்று விசாரிக்கும் வரிசை உடனே தெரிந்துவிடும். துணை மின்நிலையங்களின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பு நாளிதழ்களில் முன்கூட்டியே வருகிறது. நீரேற்று நிலையம் எந்தத் துணை மின்நிலையத்தில் இணைந்திருக்கிறது என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால், மறுநாள் தண்ணீர் தாமதமாகும் என்பதை நகராட்சியின் அறிவிப்பு வருவதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடலாம். குடிநீர் விநியோகத்தைப் பொறுத்தவரை மிக நம்பகமான தகவல் ஆணையரிடம் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வால்வைத் திறந்து மூடும் ஃபிட்டருக்கும் குழாய் ஆய்வாளருக்கும்தான் அது தெரியும்.

இரண்டாம் படி: நிர்வாகத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

நகராட்சிக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று மக்கள் தேர்ந்தெடுத்த நகர்மன்றம். வார்டுக்கு ஓர் உறுப்பினர், அவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் தலைவர், துணைத் தலைவர். மற்றொன்று ஆணையரின் கீழ் இயங்கும் அலுவலகம். அதில் பொறியியல், பொது சுகாதாரம், நகரமைப்பு, வருவாய் எனப் பிரிவுகள் இருக்கின்றன. மன்றம் முடிவெடுக்கிறது, அலுவலகம் நிறைவேற்றுகிறது. உறுப்பினர் "சாலை வந்துவிட்டது" என்று சொல்வதும் பொறியியல் பிரிவு "பணி உத்தரவு வழங்கப்பட்டுவிட்டது" என்று சொல்வதும் ஒன்றல்ல என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

1992-இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதியைக் கொடுத்தது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே நடைமுறையில் இருந்தது. 1998-இல் இயற்றப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டிருந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், அதற்குரிய 2023-ஆம் ஆண்டு விதிகளுடன் அந்த ஆண்டு ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டப் பிரிவை மேற்கோள் காட்டி மனு எழுதினால் அலுவலகத்தில் எளிதாகத் தட்டிக் கழித்துவிடுவார்கள். ஆகவே பிரிவு எண் உறுதியாகத் தெரியாதபோது எண்ணைக் குறிப்பிடாமல் கோரிக்கையை மட்டும் தெளிவாக எழுதுவதே மேல்.

மூன்றாம் படி: மன்றப் பொருளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்றுவதென்றால் இதைப் பின்பற்றுங்கள். நகர்மன்றத்தின் சாதாரணக் கூட்டம் மாதம் ஒருமுறை நடக்கிறது. அவசரக் கூட்டங்கள் தனி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பாக, விவாதிக்கப்பட இருக்கும் பொருள்களை வரிசை எண்ணிட்டு உறுப்பினர்களுக்கு அனுப்புவார்கள். உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேட்டால் அதன் நகலையோ கைபேசியில் எடுத்த படத்தையோ பெரும்பாலும் பெற்றுவிடலாம். கட்சி பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மேலும் விருப்பத்துடன் தருவார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

அதில் ஒரு பொருள் எப்படி இருக்கும் என்பதைக் காட்ட, மாதிரிக்காக ஒன்றை இங்கே எழுதுகிறேன்:

"பொருள் எண் 14. வார்டு 9, நடுத்தெருவில் பழுதடைந்துள்ள சிமெண்ட் சாலையை அகற்றிவிட்டு பேவர் பிளாக் சாலை அமைக்கும் பணிக்கு ரூ.9.80 இலட்சத்திற்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. மேற்படி செலவினத்தைப் பொதுநிதியிலிருந்து மேற்கொள்ள மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது. அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்."

இதைப் பார்த்தவுடன் "நடுத்தெருவுக்குப் புதிய சாலை" என்று குழுவில் போட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்தும் சாலை வராதபோது பழி உங்கள் மீதுதான் விழும். இந்தப் பொருள் கேட்பது செலவுக்கான அனுமதியை மட்டுமே. தீர்மானம் நிறைவேறிய பிறகு, தேவையான தொழில்நுட்ப அனுமதி பெற்று, ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) கோரி, வந்த புள்ளிகளைத் திறந்து, ஏற்கத்தக்கதை முடிவுசெய்து, அதன் பின்னரே பணி உத்தரவு வழங்கப்படும். ஆகவே உங்கள் செய்தி "நடுத்தெரு சாலைக்கு ரூ.9.80 இலட்சம் செலவிட மன்றம் அனுமதி, ஒப்பந்தப்புள்ளி இனிதான் கோரப்படும்" என்று இருக்க வேண்டும். நிதி எங்கிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொதுநிதி என்றால் நகராட்சி தன் கையிருப்பிலிருந்து செலவிட வேண்டும். வரி வசூல் மந்தமாக இருக்கும் நகராட்சியில் அத்தகைய பணி தள்ளிப்போக வாய்ப்பு அதிகம். நிதிக்குழு மானியம், மத்திய அரசின் அம்ருத் 2.0, மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்ற பெயர் இருந்தால் பணம் வெளியிலிருந்து வருகிறது என்று பொருள். அத்தகைய பணிகளுக்குக் காலக்கெடுவும் மேலிட ஆய்வும் இருக்கும்.

பொருள் முடியும் சொற்றொடரையும் கவனியுங்கள். "மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படுகிறது" என்றால் தகவலாகச் சொல்லப்படுகிறது, முடிவெடுக்க ஒன்றுமில்லை. "அனுமதி வேண்டப்படுகிறது" என்றால் இனிமேல் நடக்கப்போவது. "பின்னேற்பு" என்ற சொல் வந்தால், வேலை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, மன்றத்தின் ஒப்புதல் இப்போதுதான் கேட்கப்படுகிறது என்று பொருள். மழைக்காலத்தில் பொக்லைன் வாடகைக்கு எடுத்து வாய்க்கால் தூர்வாருவது, பழுதான மின்மோட்டாரை உடனே மாற்றுவது போன்றவற்றுக்கு இது இயல்பானதே. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் பொருள்களில் பாதி பின்னேற்பாகவே வருகிறது என்றால் அதைக் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு.

கூட்டத்தை நேரில் பார்க்க விரும்பினால் முன்னதாக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். கூட்டம் முடிந்த பிறகு எந்தப் பொருள் நிறைவேறியது, எது ஒத்திவைக்கப்பட்டது என்பதை உறுப்பினரிடம் உறுதிசெய்யுங்கள். பொருள் பட்டியலில் இருந்ததாலேயே அது தீர்மானமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான்காம் படி: பகுதி சபைக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்

கிராமங்களில் கிராம சபை இருப்பதுபோல் நகரங்களில் ஒன்றும் இல்லை என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். 2022-இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அந்தப் பகுதி சபையைச் சேர்ந்தவர். வார்டு குழுவுக்கு உறுப்பினர் தலைமை வகிக்கிறார். வாக்காளர் தினமான ஜனவரி 25, அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14, அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15, மனித உரிமை நாளான டிசம்பர் 10 ஆகியவை பகுதி சபைக்கென வகுக்கப்பட்ட நாட்கள். குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகியவை கிராம சபை நடக்கும் நாட்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆகஸ்ட் 15 அன்று நகராட்சி வாசலில் நிற்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கலாம்.

நடைமுறையில் பல ஊர்களில் இந்தக் கூட்டம் இருபது பேருடன் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இடமும் நேரமும் முந்தைய நாள்வரை தெரிவதில்லை. எனவே அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே உறுப்பினரிடமும் நகராட்சி அலுவலகத்திலும் இடம், நேரம் இரண்டையும் கேட்டு உங்கள் தெருவில் அறிவிப்பதையே உங்கள் முதல் பணியாகக் கொள்ளுங்கள். கூட்டத்தில் பேசும்போது பொதுவாகக் குறை சொல்லாமல், "மூன்றாவது குறுக்குத் தெருவில் ஏழு மின்கம்பங்களில் நான்கில் விளக்கு எரியவில்லை, கம்ப எண்கள் இவை" என்று எழுதிக் கொடுங்கள். பேச்சு காற்றில் போய்விடும். எழுதிக் கொடுத்ததை நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கச் சொல்லி, உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: வரி பற்றிய செய்தியைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்

வதந்தி அதிகம் பரவும் விஷயம் சொத்துவரிதான். 2022 ஏப்ரலில் வரிச் சீராய்வு வந்தபோது "வரி இரட்டிப்பு" என்ற ஒற்றை வரி ஊர் ஊராகச் சுற்றியது. உண்மையில் நகராட்சிகளில் குடியிருப்புக் கட்டடங்களுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என உயர்வு படிநிலையாக இருந்தது. அதாவது அரையாண்டுக்கு 600 ரூபாய் கட்டிவந்த 1,000 சதுர அடி வீட்டுக்கு 900 ரூபாய். இப்படி ஓர் உதாரணக் கணக்கை இணைத்துச் சொன்னால், அந்த உயர்வு நியாயமா என்ற விவாதமாவது உண்மையான எண்ணை வைத்து நடக்கும்.

வரி அரையாண்டுக்கு ஒருமுறை: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் கட்டுபவர்களுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் கூடுதலாகச் சேரும். ஆகவே ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் முதல் வாரத்தில் தெருவாசிகளுக்கு நினைவூட்டல் அனுப்புவது, ஆண்டு முழுவதும் நீங்கள் அனுப்பும் செய்திகளிலேயே அதிகப் பணம் மிச்சப்படுத்துவதாக இருக்கும். வரி எண்ணைப் பொதுக் குழுவில் பகிரும்படி யாரையும் சொல்லாதீர்கள். யார் வீட்டில் எவ்வளவு நிலுவை என்ற பட்டியல் உங்கள் கைக்கு வந்தாலும் அதைச் சுற்றுக்கு விடாதீர்கள்.

வரி விகிதத்தையோ நில உபயோகத்தையோ மாற்றும் முன்பு ஆட்சேபணை கோரி நாளிதழில் அறிவிப்பு வரும். நகரின் நில உபயோகத்தை வகுக்கும் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவுக்கு, 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, கருத்துச் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தரப்பட வேண்டும். இந்த அறிவிப்புகள் சின்ன எழுத்தில், நடுப்பக்க விளம்பரங்களுக்கு இடையில் வருவதால் பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை.

ஆறாம் படி: ஒப்பந்தப்புள்ளிகளைப் பின்தொடருங்கள்

தீர்மானத்துக்கும் பணிக்கும் நடுவே ஒப்பந்தப்புள்ளி இருக்கிறது. 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகள்படி, 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாட்களும் தர வேண்டும். குறைப்பதானால் உரிய அதிகாரி காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும். தமிழக அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் உங்கள் நகராட்சியின் பெயரைத் தேடினால் பணியின் பெயர், மதிப்பு, கடைசி நாள் ஆகியவை தெரியும். உங்கள் தெருவின் பெயர் அங்கே வந்த பிறகு "விரைவில் பணி" என்று சொல்வதில் பிழை குறைவு. பணி தொடங்கியதும் மதிப்பு, ஒப்பந்தக் காலம் எழுதிய அறிவிப்புப் பலகை வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் வையுங்கள் என்று கேளுங்கள்.

ஏழாம் படி: கிடைக்காத காகிதத்தைச் சட்டப்படி கேளுங்கள்

வாய்மொழியாகக் கேட்டுக் கிடைப்பதே விரைவானது. கிடைக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாட்களில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, பின்னர் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

இங்கே பலர் செய்யும் தவறு "ஏன்" என்று கேட்பது. "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை" என்ற கேள்விக்கு "அத்தகைய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை" என்ற பதிலே வரும். "குறிப்பிட்ட மாதத்து மன்றக் கூட்டத்தின் தீர்மான எண் இது, இதன் மீதான மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், பணி உத்தரவு ஆகியவற்றின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் வாங்கிக்கொண்டு நகல் தருவார்கள். கோப்பு பெரியதென்றால் நேரில் ஆய்வு செய்ய அனுமதி கேட்கலாம். அரை நாள் உட்கார்ந்து புரட்டினால் தேவையான எட்டுப் பக்கங்களுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். பண முறைகேடு குறித்து ஆதாரம் இருந்தால், உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்தை அணுகலாம். ஆனால் குப்பை வண்டி வராததற்கெல்லாம் அங்கே போக வேண்டியதில்லை. அதற்கு வார்டின் சுகாதார ஆய்வாளர், அடுத்து ஆணையர், அதற்கும் மேல் முதல்வரின் முகவரி உதவி எண் 1100, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் என்ற வரிசையே பொருத்தமானது.

எட்டாம் படி: தெருவாசிகளுக்கு எழுதும்போது

எந்த வார்டு, எந்தத் தெருக்கள், எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் அறிவித்தது என்ற ஐந்தும் இருந்தால்தான் அது செய்தி. "நாளை தண்ணீர் வராது, எல்லோருக்கும் பகிரவும்" என்பதில் நாளை என்பது எந்த நாள் என்றே தெரியாது. அது மூன்று வாரம் கழித்து வேறொரு குழுவிலிருந்து மறுபடி வந்து சேரும். "12-ஆம் தேதி, வியாழக்கிழமை, வார்டு 7, 8, 9 பகுதிகளில் குடிநீர் விநியோகம் இல்லை. நீரேற்று நிலையத்தில் மோட்டார் மாற்றும் பணி. 13-ஆம் தேதி காலை வழக்கம்போல். தகவல்: நகராட்சிப் பொறியியல் பிரிவு" என்று எழுதுங்கள். நாளைக் குறிப்பிடும்போது தேதியும் கிழமையும் சேர்ந்து இருக்கட்டும். அறிவிப்பின் படம் இருந்தால் உடன் இணையுங்கள், ஆனால் படத்தை மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். முதியவர்கள் பெரிதாக்கிப் படிக்கச் சிரமப்படுவார்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேகம் முக்கியமென்றாலும், ஏரி உடைந்தது, அணை திறந்தது போன்றவற்றை மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் அனுப்பவே கூடாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணில் ஒரு நிமிடத்தில் கேட்டுவிடலாம்.

தூய்மைப் பணியாளர்களின் முகம் தெரியும் படத்தைப் போட்டு "வேலை செய்வதில்லை" என்று எழுதும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பல ஊர்களில் அவர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் கீழ் வேலை செய்பவர்கள். அந்தத் தெருவுக்கு அன்று ஆள் ஒதுக்கப்பட்டதா என்பதே அவர்கள் கையில் இல்லை. குப்பைத் தொட்டியின் படமும் தெருவின் பெயரும் தேதியும் போதும்.

நகரம் தரம் உயரும்போதும், மன்றம் இல்லாதபோதும்

2024-இல் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி ஆகிய நகராட்சிகள் மாநகராட்சிகளாக உயர்ந்தன. இத்தகைய அறிவிப்பு வரும்போது பெருமை பேசும் சுவரொட்டிகள் முதலில் வரும். எல்லைக்குள் சேர்க்கப்படும் ஊராட்சிகளின் பெயர்ப் பட்டியல் பின்னர்தான் கண்ணில் படும். சேர்க்கப்படும் ஊராட்சி மக்களுக்கு ஊரக வேலை உறுதித் திட்டம் இல்லாமல் போகும், வரி விகிதம் மாறும், கிராம சபை போய்ப் பகுதி சபை வரும். எனவே தர உயர்வுச் செய்தியைப் பகிரும்போது அரசிதழில் உள்ள அந்தப் பட்டியலையும் சேர்த்தே பகிர வேண்டும்.

மன்றத்தின் பதவிக்காலம் அதன் முதல் கூட்டத்திலிருந்து ஐந்து ஆண்டுகள். தேர்தல் தள்ளிப்போனால், மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலரின் நிர்வாகம் வரும். 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடக்கும்வரை தமிழக நகராட்சிகள் அப்படித்தான் இயங்கின. அக்காலத்தில் பொருள் பட்டியலைத் தர உறுப்பினர் இருக்கமாட்டார், கூட்டத்தில் கேள்வி எழுப்பவும் ஆள் இருக்கமாட்டார். ஆனால் தனி அலுவலரும் தம் முடிவுகளைத் தேதியும் எண்ணும் இட்ட தீர்மானங்களாகவே பதிவுசெய்கிறார். அந்தப் பதிவேட்டை மாதந்தோறும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நேரில் ஆய்வு செய்யக் கேட்கலாம். வார்டுக்கு ஒருவராக முறைவைத்து விண்ணப்பித்தால் ஒருவர் மீதே சுமை விழாது.